அந்தப் பக்கம் ஒரு கரை

தை 6
பேத்தி அருணா காலேஜுக்குத் திரும்பிப் போய்விட்டாள். சோளக்காட்டில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். எண்ணெய் வண்ணக் குழாய்களும் சட்டம் அடித்த துணி ஒன்றும் எனக்கென்று விட்டுப் போயிருக்கிறாள். படம் வரையப் படிக்கிற பேத்தி இந்த மலையில் வேறு யாருக்கு இருக்கிறாள்? "ஆயா, என் கையை விட உன் கை நல்லா நிக்குது" என்றாள். நிற்காமல் என்ன! அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனால் கோடு போட எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடல் வரையப் போகிறேன். என் ஊட்டுக்காரருக்காக.

தை 7
எங்கள் மகன் மணிவண்ணன், அருணாவின் அப்பன், நாகப்பட்டினம் பக்கம் படகு வேலைக்குப் போனவன். போன வருஷம் ஐப்பசிப் புயலில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் உடம்பு கிடைத்தது. அவனுடையது கிடைக்கவில்லை. நான் போய் நாள்கணக்கில் மணலில் உட்கார்ந்திருந்தேன். அவர் மிளகு பறிக்க ஏறி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதனால் நம்பவில்லை.

"தண்ணின்னா அந்தப் பக்கம் ஒரு கரை இருக்குமில்ல? ஏறியிருப்பான்."

கருமாதி செய்ய விடவில்லை. ஊட்டில் யாரும் அழக்கூடாது. போனில் கடலைக் காட்டினால், "இதுல எல்லாமே கையகலந்தான்" என்கிறார். மருமகள் பானுமதி நேற்று மாவு சலித்துக்கொண்டே கேட்டாள், "நான் யாருங்க அத்தை? தாலி கட்டினவளா, அறுத்தவளா?"

தை 15
வரைந்து கட்டில் பக்கம் வைத்தேன். சிரித்துவிட்டார். "ஏன் பாப்பாத்தி, மலை முனையில நின்னு கீழ துறையூரப் பாக்கற மாதிரியில்ல இருக்குது?"

சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால், ஆமாம். பிறந்ததிலிருந்து எதையும் மேலே நின்று குனிந்தே பார்த்த கண். கடல் அப்படி இல்லையே. மணலில் நின்றால் அது எழுந்து கண் மட்டத்துக்கு வந்து நிற்கும்.

தை 16
சுரண்டி எடுத்துவிட்டேன்.

மாசி 2
பனியில் வண்ணம் காயவே மாட்டேன் என்கிறது. அடுப்புக்கு மேலே விதைக் கதிர் கட்டுகிற இடத்தில் துணியைக் கட்டினேன். புகை ஏறி வானம் பழுப்பாகிவிட்டது. பானுமதி பார்த்துவிட்டு, "கடலுக்குக் காப்பித் தண்ணி ஊத்திட்டீங்களா அத்தை?" என்றாள். இவள் சிரித்து எத்தனை நாளாச்சு. திட்டாமல் விட்டேன். வானத்தை மறுபடி பூச வேண்டும்.

மாசி 11
வந்துவிட்டது. அது நீலம் இல்லை. நான் பார்த்த அன்றைக்கு ஈயப் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. அப்படியே போட்டேன். படகு போடவில்லை. ஆள் போடவில்லை. பிரஷைத் துடைத்து வைத்தேன்.

மாசி 12
காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன கோடு?"

"அங்கதாங்க வானமும் தண்ணியும் முட்டுது."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"தண்ணி."

"அதுக்கும் அந்தப் பக்கம்?"

"தண்ணிதாங்க."

ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "ஓரமா ஒரு கரை போடேன் பாப்பாத்தி. சின்னதா. நீ போட்டா நம்புவேன்."

பிரஷ் கையில் இருந்தது. பச்சையும் இருந்தது. "நான் பாத்தேங்க. இல்லீங்க" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏண்டி பாப்பாத்தி, நீயெல்லாம் ஒரு மனுஷியா? ஒரு கோடு போட்டா உனக்கு என்னடி கொறஞ்சு போகும்?

மாசி 13
களி கிண்டி வைத்தேன். தொடவில்லை.

மாசி 15
விடிந்ததும் பானுமதியைக் கூப்பிட்டார். "சாமி, உங்க அண்ணனுக்குச் சொல்லி உடு. கோடிச் சீலை எடுத்துட்டு வரட்டும்."

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த ஊடு கொண்டு வருகிற சீலை. பானுமதி ஊட்டுப் பின்னால் போய் அழுதாள். ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். அவர் தடுக்கவில்லை.

மாசி 24
ஆற்றங்கரையில் கருமாதி முடிந்தது. அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மகனுக்கு அப்பன் எள்ளும் தண்ணியும் இறைத்தார். இந்த முறையை யார் எழுதி வைத்தது?

திரும்பி வந்து நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் உடம்பை நான் பார்க்கவில்லையே. யார் பார்த்தது?

பங்குனி 3
பானுமதி மரவள்ளிக் காட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். வெறும் நெற்றியோடு போகிறாள். நிமிர்ந்துதான் போகிறாள்.

நான் பச்சையில் கொஞ்சம் மஞ்சள் குழைத்தேன். படத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு கரை போட்டேன். சின்னதுதான். ஓர் ஆள் ஏறி உட்காரலாம். அவர் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பச்சை இன்னும் காயவில்லை.