பீப்பாயில் போன தக்காளி

மாங்கரே, ஆக்லாந்து
மார்ச் 4

அன்புள்ள தம்பி மோசேசேவுக்கு அக்கா மெலியாமே எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சான் கெலேபிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் லதாயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம்.

இந்தக் கடிதம் கப்பலில் அனுப்பும் சாமான் பீப்பாயின் மேலேயே இருக்கும். மூடியைத் திறந்ததும் நீ டின் மாட்டிறைச்சியைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். தேடாதே. இந்த முறை ஒரு டின்கூட வைக்கவில்லை. அந்த இடத்தில் நாற்பத்தெட்டு டின் தக்காளி இருக்கிறது. அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று லதாயிடம் சொல்லிச் சிரிக்காதே, யோசித்துத்தான் வைத்தேன்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு இது பதினோராவது வருடம். யார் தட்டில் எது போகலாம், எது கூடாது என்று எழுதிக் கொடுக்க லுபே என்று ஒரு சமோவாப் பெண் வருகிறாள். நன்றாகப் படித்தவள், வாயும் கொஞ்சம் நீளம். ஐம்பது தாண்டிய ஆண்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தக்காளியைப் பச்சையாகத் தின்பதைவிடத் துளி எண்ணெய் விட்டு வேகவைத்துச் சாப்பிடுவது நல்லதாம். கப்பலில் உறைய வைத்து வருகிறதே கொழுப்பு வழியும் ஆட்டு விலா, அதை அறவே விட்டுவிடு. மீன் தின்னு. வாசலில் கடலை வைத்துக்கொண்டு டின்னைத் திறக்கிற ஜனம் உலகத்தில் நாம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை மண்ணடுப்பில் சேம்பிலை வேகும்போது தேங்காய்ப்பாலை ஆறாக ஓட விடாமல் லதாய் பாதி ஊற்றட்டும். பப்பாளியைப் பன்றிகளுக்குப் போடும் முன் உன் வாயிலும் இரண்டு துண்டு போடு. கீரையும் சர்க்கரைவள்ளியும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோட்டத்துக்கு வண்டியில் போகாமல் நடந்து போ, வயிறு குறையும்.

ஏன் என்று கேட்காதே. அப்பா போகும்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. உனக்கு வரும் ஜூலையில் ஐம்பத்து நான்கு. இதற்கு மேல் ஒரு அக்கா தம்பிக்கு எழுதக் கூடாது. இப்படியே சாப்பிட்டு வா, அப்பாவுக்கு வந்தது உனக்கு வராது.

லதாய்க்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

உன் அக்கா
மெலியாமே

*

வவாவு
ஏப்ரல் 21

மதிப்புக்குரிய அக்காவுக்குத் தம்பி மோசேசே வணக்கத்துடன் எழுதுவது.

பீப்பாய் பத்திரமாக வந்தது. திறந்தபோது தெருவே கூடி நின்றது. சிவப்பாக டின்னுக்கு மேல் டின்னாக வெளியே வரவர ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. என் மகன், அத்தைக்கு நம்மேல் என்ன கோபம் என்று கேட்டான். நான் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டி வாயை அடைத்தேன்.

நீங்கள் எழுதியதில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆட்டு விலாவை நிறுத்தி நாலு வாரமாகிறது. தினமும் காலையில் ஒரு தட்டு தக்காளி வேகவைத்துத் தின்கிறேன். லதாய் தேங்காய்ப்பாலைக் கண்ணில் காட்டுவதோடு சரி. போதாததற்கு நோனிப் பழச்சாறும் சேர்த்துக்கொண்டேன், நாற்றத்துக்குப் பன்றிகூடக் கிட்டே வருவதில்லை. இடுப்புவார் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. அடுத்த தடவை என்னைப் பார்த்தால் யாரோ நோன்பிருக்கும் பாதிரியார் என்று நினைப்பீர்கள்.

உங்கள் கடிதத்துக்கு இங்கே பெரிய மரியாதை. சனிக்கிழமை ஆண்களெல்லாம் கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தபோது கொண்டுபோய் எல்லோருக்கும் படித்தேன். நியூசிலாந்தில் படித்தவர்களோடு வேலை செய்கிற அக்கா எழுதியது என்றதும் பெரியவர்கள்கூடக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். இப்போது இன்னும் ஐந்து வீட்டில் தக்காளி வேகிறது.

போன வாரம் நெயாஃபு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, கோயில் கூடத்தில் உட்கார்ந்து, ஐம்பது தாண்டிய ஆண்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தாள். எதற்கு என்று நான் உங்களுக்கு எழுத முடியாது, உங்களுக்கே தெரிந்திருக்கும். தக்காளி தின்கிற நாங்கள் ஆறு பேரும் போகவில்லை. எங்களுக்கு எங்கள் அக்காவின் மருந்தே போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு வருத்தம்தான்.

இடுப்பு மட்டும் கிழங்கு பிடுங்கியதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது. தூக்கமும் முன்போல் இல்லை, நடுவில் நாலைந்து தடவை எழுந்து வெளியே போய் வருகிறேன். வெளியே காற்று நன்றாகத்தான் இருக்கிறது. தக்காளி உள்ளே போய் வேலை செய்ய நாளாகும் போலிருக்கிறது.

டின் தீரப் போகிறது. அடுத்த பீப்பாயில் எண்பதாக அனுப்பினால் ஆறு வீட்டுக்கும் சரியாக இருக்கும்.

மச்சானின் முழங்காலுக்காக ஜெபிக்கிறேன்.

உங்கள் தம்பி
மோசேசே

*

மாங்கரே, ஆக்லாந்து
மே 7

அன்புள்ள தம்பி மோசேசேவுக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதத்தில் இடமில்லை. பீப்பாயில் போடாமல், ஊருக்கு வரும் பாதிரியாரின் மனைவி கையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்து படி. முழுவதும் படிக்காமல் மடித்து வைக்காதே.

உன் கடிதம் வந்த அன்றே லதாய்க்குப் போன் செய்தேன். அவள் முதலில் அது இது என்று மழுப்பினாள். பிறகு அழுதுவிட்டாள். "அண்ணி, மனுசன் கால் மணி நேரம் நின்னுட்டு சொட்டு சொட்டாப் போயிட்டு வர்றாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, அக்கா எழுதிட்டாங்க எனக்கு வராதுன்னுங்கறாரு. நீங்க எழுதினத நான் எப்படி அண்ணி பொய்யின்னு சொல்றது?" என்றாள்.

பொய்தான். அந்த ஒரு வரி நான் எழுதிய பொய். லுபே சொன்னதை அப்படியே எழுதுகிறேன் என்று ஆரம்பித்துப் பாதியைத்தான் எழுதினேன். அவள் சொன்ன மீதியை இப்போது எழுதுகிறேன். தக்காளியும் மீனும் கீரையும் நல்லது, ஒருவேளை ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் வராமலே செய்யும் என்று எந்தச் சாப்பாட்டைப் பற்றியும் யாரும் சத்தியம் செய்ய முடியாது என்றாள். அப்பாவுக்கு இருந்தது என்றால் மகன் ரத்தம் கொடுத்துப் பார்த்தே ஆக வேண்டும், சாப்பாட்டை நம்பி உட்காரக் கூடாது என்றாள். தம்பியிடம் சொல்லிவிடு என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் சமோவாக்காரி, அக்கா தம்பிக்குள் அங்கேயும் இதே கட்டுப்பாடுதான், எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

முதல் கடிதம் எழுதும்போது நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதில் உன்னைப் பையன்கள் படுக்கும் குடிலுக்கு அனுப்பிய நாளிலிருந்து நாம் ஒரே கூரைக்குக் கீழே தூங்கியதில்லை. டிவியில் யாராவது முத்தம் கொடுத்தால் நீ எழுந்து போவாய், இல்லையென்றால் நான் எழுந்து போவேன். அப்படி இருந்துவிட்டு உன் உடம்பைப் பற்றி எப்படி எழுதுவது? அதனால் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன். சாப்பாட்டைப் பற்றி எழுத யாருக்கும் வெட்கமில்லை. எழுத வேண்டியதை எழுதாத குற்றத்தை மறைக்கத்தான் அந்த ஒரு வரியைக் கடைசியில் சேர்த்தேன்.

அப்பாவுக்கு இடுப்பு வலி என்றுதான் ஊர் முழுக்கச் சொன்னோம். அது இடுப்பு வலி இல்லை. ஆண்களுக்கு மட்டும் இருக்கிற, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய். அது எலும்புக்கு ஏறித்தான் இடுப்பு வலித்தது. எழுதிவிட்டேன். அவரை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தபோது, டாக்டர் பேச ஆரம்பித்ததும் மகள் கேட்கக் கூடாது என்று நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். கெலேபிதான் உள்ளே இருந்தார். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கெலேபி என்னிடம் சொன்னதே அடக்கம் முடிந்து மூன்று மாதம் கழித்து. அந்த வராந்தாவில் போய் நின்றதற்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

நீ தோட்டத்துக்காரன், உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சாப்பாடு வேலி மாதிரி. பன்றி வராமலிருக்க வேலி போடுவது நல்லதுதான். ஆனால் பன்றி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் வேலியை இறுக்கிக் கட்டினால், உள்ளே இருக்கிற கிழங்கு பன்றிக்குத்தான்.

உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வயதானால் அந்தச் சுரப்பி சும்மாவே வீங்குமாம், அதற்கும் இதே தொந்தரவுதானாம், மாத்திரையில் அடங்கிவிடுமாம். உன் இடுப்பு நிஜமாகவே கிழங்கு பிடுங்கியதில் பிடித்திருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, லதாய்க்கும் தெரியாது. பார்த்தால்தான் தெரியும். அந்த நோயே இருந்தாலும், சீக்கிரம் பார்த்தால் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. இங்கே வந்துதான் செய்ய வேண்டும் என்றால் என் வீட்டில் அறை இருக்கிறது, கெலேபி இப்போதே கட்டிலை நகர்த்திக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் நெயாஃபு ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த நர்ஸிடம் அப்பாவுக்கு இருந்ததைச் சொல். எழுந்து எழுந்து போவதையும் இடுப்பையும் மறைக்காமல் சொல். அவள் உனக்கு அக்கா இல்லை, அவளிடம் சொல்லலாம்.

இன்னொன்று. என் முதல் கடிதத்தைக் கவாவுக்கு நடுவே படித்தாய் அல்லவா? இதையும் அதே ஆட்களுக்கு, அதே இடத்தில் படி. அப்பாவின் நோய் பெயர் வரும் இடத்தைத் தாண்டிப் போகாதே. ஐந்து வீட்டில் என் பேச்சை நம்பித் தக்காளி வேகிறது, அவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனால் நான் எங்கே போய்ப் பதில் சொல்வேன்? மெலியாமேவுக்கு நியூசிலாந்து போய் வெட்கம் விட்டுப்போய்விட்டது என்பார்கள். சொல்லட்டும். கவாவை அப்படியே வைத்துவிட்டு ஆறு பேரும் ஒரே வண்டியில் போய் வாருங்கள்.

நம் ஜனத்தில் அக்கா வார்த்தைக்குத் தம்பி மறுபேச்சுப் பேசுவதில்லை. பாய் விரித்தாலும் பந்தி வைத்தாலும் முதலிடம் எனக்குத்தான். இந்த ஐம்பது வருடத்தில் அதைக் காட்டி உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. உன் மூத்த மகளுக்கு என் பெயரை வைக்கச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடித்தபோதுகூட, உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். இப்போது கேட்கிறேன். இது அக்காவின் உத்தரவு.

பதில் எனக்கு எழுத வேண்டாம். என்ன சொன்னார்கள் என்பதை லதாய் போனில் சொல்லட்டும், நீ வாய் திறக்க வேண்டியதில்லை. இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்க உனக்குக் கூசும், எனக்கும் அப்படித்தான். கல்யாணத்திலோ சாவிலோ எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள், எனக்கு வருத்தமில்லை. எத்தனை வருடம் வேண்டுமானாலும் பார்க்காமல் இரு மோசேசே. இருந்தால் போதும்.

உன் அக்கா
மெலியாமே