பாசுரம் வருகிறது, பேச்சு வரவில்லை

8-2-1937, திங்கள்
காலையில் கீரைக்காரியோடு மன்னிக்குத் தகராறு. அது தீர்ந்து தளிகை ஆவதற்குள் மணி ஒன்பது. இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து சைக்கிளில் பறந்தார். காவேரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் போய்ச் சேரவேண்டுமே. சாயந்திரம் வந்ததும் தலைமை வாத்தியார் மூக்கால் பேசுவதைப் பேசிக் காட்டினார். கூடத்தில் இவருடைய அண்ணாவும் மன்னியும் உட்கார்ந்திருக்கிறார்களே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகிப் பத்து வருஷம். இந்த மனுஷருக்குப் பேச்சு மட்டும் அலுப்பதே இல்லை.

13-2-1937, சனி
எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

வியாழன் சாயந்திரம் பாலத்து முனையில் பின்னாலிருந்து வந்த மோட்டார் ஒன்று இவரை இடித்துத் தள்ளிவிட்டது. தலை பாலத்துச் சுவரில் மோதியிருக்கிறது. எழுந்து, கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரே வீட்டுக்கு நடந்து வந்தார். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. “ஒண்ணுமில்லடி பூமா. மில்காரர் பிள்ளை மோட்டார் ஓட்டப் பழகறான். டிரைவரைப் பக்கத்துல உக்கார வெச்சுண்டு தானே ஓட்டினான். அவனுக்கு நான்தான் கிடைச்சேன்” என்று சிரிக்கக்கூடச் சிரித்தார்.

ஒரு மணி நேரத்தில் வாந்தி. பிறகு வலது கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார். வெறும் குழறல்.

“பித்தம்தான். சுக்குக் கஷாயம் வெச்சுக் குடு” என்றார் அண்ணா.

பித்தமாம்! நான் தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்தது. நாலு வீட்டு மனுஷர்கள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

15-2-1937
மண்டை ஓடு உடையவில்லையாம். முதுகில் ஊசி குத்தி எடுத்த நீர் சிவப்பாக இருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மூளைக்குள்ள ரொம்ப ஆழத்துல ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. அங்க கத்தி வைக்க முடியாது. அதுவா உறைஞ்சு, அதுவா கரையணும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

கையை விரித்தார்.

வெளியே ஒரு கீறல் இல்லை. அன்று நெற்றியில் இட்டிருந்த திருமண்கூடக் கலையவில்லை. உள்ளே இத்தனை நாசமா?

16-2-1937
கண் திறக்கவில்லை.

17-2-1937
கண் திறக்கவில்லை. மில்காரர் வீட்டிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சு வந்தது. வராந்தாவில் கொட்டினேன். நர்ஸ் ரோசம்மாள் பொறுக்கி, பக்கத்து வார்டுக்குக் கொண்டுபோனாள்.

24-2-1937
இன்று என்னைப் பார்த்தார். யாரென்று தெரிந்துதான் பார்த்தார். கண்ணில் ஜலம் வந்தது. வலக்கையும் வலக்காலும் அசையாமல் கிடக்கின்றன. வாயைத் திறக்கிறார், மூடுகிறார். ஒரு வார்த்தை வரவில்லை.

9-3-1937
காலையில் அண்ணா தலைமாட்டில் நின்று பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் அடியில் இவரும் சேர்ந்துகொண்டார்! தட்டாமல், தடுக்காமல், கடைசி அடி வரைக்கும். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முடிந்ததும், “ஏன்னா, குடிக்க ஏதாவது வேணுமா?” என்று கேட்டேன். உதடு கோணியது. ஆமாம் என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. இடது கையால் கட்டிலை அடித்தார்.

ரோசம்மாள் சொன்னாள்: “சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினதெல்லாம் வேற எடத்துல இருக்குமாம்மா. அடி பட்டது பேச்சு இருக்குற எடத்துல. டாக்டர்தான் சொன்னாரு. நீங்க விடாம பேசிக்கிட்டே இருங்க.”

27-3-1937
வீட்டுக்கு வந்து ஐந்து நாள் ஆகிறது. இது வீடா, சத்திரமா?

அண்ணா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். பேச்சுப் போயும் பெருமாள் திருநாமம் போகவில்லையாம், என்ன பாக்கியமாம். காலையிலிருந்து கூட்டம். அண்ணா ஒரு அடி எடுத்துக் கொடுக்கிறார், இவர் சொல்கிறார், வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ குடுத்து வெச்சவடி. லௌகிகப் பேச்சே கிடையாது பாரு” என்றாள்.

குடுத்து வெச்சவளா! அந்த மனுஷருக்குத் தாகம் எடுத்தால் சொல்லத் தெரியலை. ஒண்ணுக்கு வந்தால் சொல்லத் தெரியலை. என் பேரைச் சொல்லத் தெரியலை. பத்து பேர் நடுவுல வேஷ்டி நனைஞ்சு, அவமானத்துல சுவத்துப் பக்கம் திரும்பிண்டார். நான் பார்த்தேன். வேற யார் பார்த்தா? எல்லாரும் கண்ணை மூடிண்டு உருகிண்டிருந்தா.

பெருமாளே, உன் பேரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டாயே, உனக்கே இது நன்றாக இருக்கிறதா?

எழுதியது எழுதியதுதான். அடிக்கப்போவதில்லை.

11-4-1937
மில்காரர் வந்துவிட்டுப் போனார். கோயில் உத்சவத்துக்குப் பந்தல் போடுகிறவர், அண்ணாவுக்கு வேண்டியவர். கூடத்தில் தணிந்த குரலில் பேசினார்கள். போன பிறகு மன்னியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அண்ணா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தம்பி சௌரிராஜனுக்கு முன்பே தலைசுற்றல் உண்டு, மோட்டாரை ஓட்டியது டிரைவர் அழகிரி, தம்பிதான் மயங்கி அதன் குறுக்கே விழுந்தான் என்று.

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அண்ணாவுக்கு நேரே போய் நின்றேன். “இவருக்கு எப்போ தலை சுத்தித்து? நீங்க எப்போ பார்த்தேள்?”

“நடந்தது நடந்துடுத்து. கோர்ட்டுக்குப் போனா அவனுக்குப் பேச்சு வந்துடுமா? பொம்மனாட்டி உள்ளே போ.”

உள்ளே வந்தேன். கேட்டதை எல்லாம் எழுதி வைத்தேன். பயமில்லை.

3-5-1937
நான் கோர்ட்டுக்குப் போனேன். என் அண்ணா கோபு உறையூரிலிருந்து வந்து கூட்டிப்போனான். மில்காரர் பிள்ளைதான் ஓட்டினான் என்று இவர் தம் வாயால் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் பார்த்தீர்களா என்றார்கள். இல்லை. கேட்டது சாட்சியாகாது என்றார்கள். பார்த்தவரால் பேச முடியாது. டிரைவர் அழகிரி, தான்தான் ஓட்டியதாகச் சொன்னான். அண்ணாவின் காகிதத்தை வாசித்தார்கள். வழக்குத் தள்ளுபடி.

வெளியே வரும்போது அழகிரி தலைகுனிந்தபடி, “எனக்கும் குடும்பம் இருக்குங்கம்மா” என்றான். இருக்கட்டும். எனக்கும் ஒன்று இருந்தது.

6-6-1937, ஞாயிறு
இன்றும் ஏழெட்டுப் பேர். அண்ணா அடி எடுத்துக் கொடுத்தார். இவர் வாய் திறக்கவில்லை. மறுபடி கொடுத்தார். இவர் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையை வாசற்பக்கம் நீட்டி —

“போ.”

மறுபடி, இன்னும் பலமாக: “போ! போ!”

மாமிகள் எழுந்து நடையைக் கட்டினார்கள். “முதல் முதல்ல வர வார்த்தை இதானா வரணும்!” என்று அண்ணா தலையில் அடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மனப்பாடம் பண்ணியது அல்ல, யாரும் எடுத்துக் கொடுத்ததும் அல்ல. அவரே தேடி எடுத்த வார்த்தை.

இத்தனை நாளும் இந்த வீட்டில் கோபம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

20-6-1937
கோபு வண்டி கொண்டுவந்தான். அண்ணா தடுத்தார். “குழந்தை குட்டியும் இல்லை, இவனை வெச்சுண்டு தனியா என்ன பண்ணுவே?” மூட்டையை வண்டியில் ஏற்றினேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, தாமே வாசற்படி இறங்கினார்.

4-7-1937
உறையூர். கோபு வீட்டுக்குப் பின்கட்டு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் வேலை எனக்கு. இவருக்கு இதுவரை வந்த வார்த்தைகள்: போ, வா, இல்லை, சூடு.

22-8-1937, ஞாயிறு
காலையில் சண்டை. தாமே க்ஷவரம் பண்ணிக்கொள்கிறேன் என்று இடது கையில் கத்தியை எடுத்தார். பிடுங்கினேன். “விடு” என்றார். விடவில்லை. கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வந்தால் கட்டுப் போடுவது யார், காலையிலிருந்து ஒருத்தி எத்தனை வேலைதான் பார்ப்பாள் என்று கத்தினேன். அவர் முறைத்தார். வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்தார்.

“நீ... ரொம்ப... பேசறே.”

என்னைப் பார்த்தா! அதுவும் யார் சொல்வது!

கத்தியை அவர் மடியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அரை மணியாகப் பேசவில்லை. அவராக வந்து பேசட்டும்.