மூணு வாரமா யாரும் என்னைத் திட்டலை

ஏப்ரல் 28

என் குண்டூசிக்கு,

அம்மா எழுதுறேன். போன்ல பேசலாமேன்னு கேப்பே. போன்ல நீ "ம்… ம்…"னு சொல்றப்பவே பின்னாடி கீபோர்டு சத்தம் கேக்குது. காகிதம்னா ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தானே ஆகணும்! பிழையைத் திருத்தி அனுப்பிடாதே. அஞ்சாங்கிளாஸ் டீச்சரே என்னைக் கைகழுவிட்டாங்க.

லீவு விட்டுப் பத்து நாளாச்சு. ஹாஸ்டலே காலி, நீ மட்டும் அங்க குந்தியிருக்கே. பல் டாக்டருக்கு வெப்சைட், உன் வலைப்பூ, அதுக்கு மேல ஒரு சினிமா. ஒரு தலைக்கு மூணு தொப்பி. போன வாரம் அந்த டாக்டருக்குப் போக வேண்டிய மெசேஜ் ஒண்ணு எனக்கு வந்துச்சே, "டாக்டர், உங்க கடைவாய்ப் பல் ரெடி"ன்னு? என் மக எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்துட்டான்னு சலவைக்கூடம் பூரா சொல்லிட்டேன்.

நானும் நெட்டையும் வழக்கம்போல இஸ்திரி உருளைலதான். ஆஸ்பத்திரி பெட்ஷீட்டுக்கு ஒரு முனை அவ, ஒரு முனை நான். அவ உயரத்துக்கும் என் உயரத்துக்கும் ஷீட்டு சறுக்குமரம் மாதிரி சாயுது.

சினிமாவைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டேங்குறியே, என்ன கதை? சாப்பிடு. குளி. ரெண்டையும் ஒரே நாள்ல செய்.

திட்டிக்கிட்டே உன்னை நினைக்கிற,
அம்மா

மே 4

அன்பு அம்மாவுக்கு,

ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் படிச்சேன். சாட்சி என் ரூம்மேட், அவளும் ஊருக்குப் போகலை. படத்துக்குக் கேமராவும் அவதான்.

பல் டாக்டர் வெப்சைட் முக்கால்வாசி முடிஞ்சது. திரை முழுக்க ஒரு பெரிய சிரிப்பு. எந்தப் பல்லைத் தொட்டாலும் ஒரு பக்கம் திறக்கும். நேத்து டாக்டர் தொட்டதும் முன்பல் ரெண்டும் கழண்டு கீழே விழுந்துடுச்சு. அவர் சிரிக்கலை.

படத்தை உனக்குத் தெரியாம வெச்சிருந்தேன். அது உன் கதைதான் அம்மா. முதல்ல வலைப்பூவில் எழுதினேன். அப்பா இறந்த பிறகு நீ ஒத்தையா என்னை வளர்த்தது, பசிக்கலைன்னு சொல்லித் தட்டை என் பக்கம் தள்ளினது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது, எல்லாம். நாலாயிரம் பேர் படிச்சிருக்காங்க! அழுதோம்னு எழுதுறாங்க. அதையே பத்து நிமிஷப் படமா எடுக்கிறோம். மே 31க்குள்ள மாணவர் போட்டிக்கு அனுப்பணும். உன் வேஷத்துல ரூம்மேட்டோட பெரியம்மா நடிக்கிறாங்க. ஒல்லியா, சோகமா இருப்பாங்க. சொன்ன உடனே கண்ணீர் வருது.

அதான் வர முடியலை. கோவிச்சுக்காதேம்மா.

முத்தங்களுடன்,
குண்டூசி

மே 12

குண்டூசி,

நாலாயிரம் பேர்ல பதினோரு பேர் எங்க சலவைக்கூடத்து ஆளுங்க.

சாப்பாட்டு நேரத்துல நெட்டைதான் அவ போன்ல பார்த்துச் சத்தமா வாசிச்சா. முடிச்சதும் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சா. என் மூக்கு அவ சட்டைப் பட்டன்ல மாட்டிக்கிச்சு. "நெட்டை, மூக்கு போச்சுடி"ன்னேன். ஒருத்தரும் சிரிக்கலை. எல்லாரும் கண்ணைத் தொடைச்சாங்க.

அன்னைலேர்ந்து அப்படித்தான். நான் என்ன சொன்னாலும் பாவமாப் பாக்குறாங்க. சூப்பர்வைசருக்குத் தலை வழுக்கைன்னு உனக்குத் தெரியுமில்ல. "சார், உங்க தலையை ஒரு தடவை உருளைல விட்டா இன்னும் பளபளன்னு வரும்"னேன். எப்பவும் கூரை அதிரக் கத்துவார். இப்போ, "பரவாயில்லம்மா. மனசுல எவ்வளவு பாரமோ, பேசிட்டுப் போங்க"ங்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

கூசினது போதாதுன்னு என்னை உருளைலேர்ந்து எடுத்துட்டார். "உக்காந்து செய்யுங்கம்மா"ன்னு துண்டு மடிக்கிற மேசையில போட்டுட்டார். பதினாலு வருஷமா நான் நின்ன இடம். அங்க இப்போ புதுசா ஒருத்தி, ஷீட்டைக் கோணலா விடுறா. நெட்டை என்னையே பாக்குறா.

சரி, உன் கதைக்கு வருவோம். பசிக்கலைன்னு சொன்னேன், வாஸ்தவம். கேன்டீன்ல ரெண்டு தட்டு உள்ளே போயிருந்தா எப்படிப் பசிக்கும்? குழாய்? அது பாட்டு பாடுறதுக்கு. என் குரலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு தடவை கதவைத் தட்டினாருல்ல, அதான் தண்ணியைத் திறந்துவிட்டேன்.

ஒரே ஒரு நாள் அழுதேன். இல்லேங்கலை. ஆனா அது என்னோடது. நீ கதவுக்கு வெளியில நின்னு கேட்டதை ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துட்டே. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை.

என்னைப் பத்தி எழுதியே ஆகணும்னா இதை எழுது. ரெண்டு வருஷம் முன்னாடி சூப்பர்வைசர் நாற்காலியில தொங்கின கோட்டை உருளைல விட்டது நான்தான். பையில ஒரு பன் இருந்துச்சு. வெளியில வந்தப்ப தபால்தலை மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் யார்னு தேடிக்கிட்டிருக்கார். பயப்படாம எழுது, அவர் வலைப்பூ படிக்கிற ஆளில்லை.

உன் மேல கோபமும் இருக்கு, பாசமும் இருக்கு. எது அதிகம்னு இன்னைக்குக் கேக்காதே.

அம்மா

மே 16

அம்மா,

அந்தப் பதிவை எடுத்துட்டேன். உன் கடிதத்தைப் பாதி படிக்கும்போதே எடுத்துட்டேன்.

அன்னைக்குக் கதவுக்கு வெளியில நின்னப்போ எனக்கு எட்டு வயசு. தட்டலாமான்னு யோசிச்சுட்டுப் போய்ப் படுத்துட்டேன். இப்போ இருபது ஆகுது. நடுவுல ஒரு நாளாவது ஏம்மான்னு கேட்டிருக்கலாம். கேக்காம எழுதிட்டேன். மன்னிச்சுடும்மா.

கோட்டையும் பன்னையும் நேத்து எழுதிப் போட்டேன். நீ சரின்னு சொன்னதால மட்டும்தான்.

படம்தான் நின்னு போச்சு. ரூம்மேட் பேச மாட்டேங்குறா, பாவம், மூணு வாரம் கேமராவைச் சுமந்தவ. அழுகைக் காட்சிகளை வெட்டினா நாலு நிமிஷம் மிச்சம், அதுல ஒரு நிமிஷம் பேர் போடுறது. பெரியம்மா வேற, "அடுத்து எப்போ அழணும்?"னு தினமும் கேக்குறாங்க. நீ வேண்டாம்னா எல்லாத்தையும் அழிச்சுடுறேன். இந்தத் தடவை கேக்குறேன். சொல்லும்மா.

உன்,
குண்டூசி

மே 22

என் தங்கக் குண்டூசிக்கு,

சூப்பர்வைசர் கோட்டுக் கதையைப் படிச்சுட்டார்! பழைய பதிவை நெட்டைக்குக் காட்டினதே அவர்தானாம், உன் வலைப்பூவை விடாம படிக்கிறாராம்.

காலையில கூடத்துக்கு நடுவுல நின்னு கத்தினார் பாரு, உருளை சத்தமே கேக்கலை. "நீதானா அது? ரெண்டு வருஷமா என் எதிர்லயே சிரிச்சுக்கிட்டு நின்னியே! துண்டு மடிச்சுக்கிட்டு சொகுசா உக்காரலாம்னு நினைக்காதே. போ உருளைக்கு! கோட்டுக்குக் காசு கேட்டாலும் கேப்பேன்!" அவர் பேச்சுல 'ம்மா'வும் இல்லை, 'ங்க'வும் இல்லை. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "பன்னு என்ன பன்னு சார், ஜாமா வெண்ணெயா?"ன்னேன். நெட்டை ஷீட்டுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டா. அவ முதுகு குலுங்குச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா சிரிக்க ஆரம்பிச்சு, பதினோரு பேரும்.

படத்தை அழிக்காதே. அந்தக் குளியலறை அழுகையை மட்டும் எடுத்துடு. அந்த இடத்துல பாட்டு வை. பெரியம்மா வாயசைக்கட்டும், குரல் நான் கொடுக்கிறேன். போட்டி வைக்கிறவங்க தாங்குவாங்களான்னு எனக்குத் தெரியாது, அது உன் கவலை. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. உன் ரூம்மேட்டையும் பெரியம்மாவையும் வரச் சொல்லு. அவங்களை நல்லா சாப்பிட வைக்கணும், என் வேஷம் போடுறவங்க அவ்வளவு ஒல்லியா இருந்தா எனக்குத்தான் அவமானம்.

அவங்க ரெண்டு பேரும் கேமராவோட ஞாயித்துக்கிழமை வரட்டும். நீ மட்டும் சனிக்கிழமையே வந்துடு.

அம்மா