நாலு செல் படகு

பெஹாலா, கொல்கத்தா
16 நவம்பர் 2025

அன்புள்ள கோபுவுக்கு,

உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க உனக்கு வழியில்லை, அதனால் இப்படி வருகிறேன். நீயும் ஷோபனாவும் சௌக்கியமா? நானும் அத்திம்பேரும் இங்கே நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுப் படகு கட்டுகிறேன். பழையதைப் போல ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகுதான், ஆனால் இந்த முறை ஹைட்ரோபிளேன். முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு மிதவைகள், பின்னால் பாதி முழுகிய புரொப்பெல்லர். வேகமெடுத்ததும் படகு முழுக்க எழும்பி, இந்த மூன்று இடத்தில் மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு பறக்கும். பிளைவுட் சட்டங்களை அறுத்துவிட்டேன். சாப்பாட்டு மேஜை எனக்கு. அத்திம்பேர் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, "இது பாங்க் ஆபீசர் வீடா, தச்சுப் பட்டறையா?" என்று தினமும் கேட்கிறார்.

பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, அதே ஏரியில் பந்தயம். கிளப் உனக்குப் போட்ட இரண்டு வருஷத் தடை எப்போதோ முடிந்துவிட்டது. வந்து ஓட்டு. பத்து வருஷம் நான் கட்டினேன், நீ ஓட்டினாய்.

2023-இல் நடந்ததை நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. நம் பிரிவில் நாலு செல் பேட்டரிதான் விதி. எனக்குத் தெரியாமல், கூடுதல் வேகத்துக்காக ஆறு செல் வைத்து நீ ஜெயித்தாய். அந்தக் கோப்பையை நான் திருப்பிக் கொடுத்தது சரியான காரியம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அக்கா,
ஷியாமளா


புனே
1 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

ஷோபனா சொன்னதால் எழுதுகிறேன்.

பேட்டரியை மாற்றியது தப்பு. அதை நான் ஒருநாளும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உனக்கு எப்படித் தெரிந்தது? படகைக் கரையேற்றி மூடியைத் திறந்து பார்த்தாய். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். "கோபு, இங்க வாடா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டாயா? நேரே மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாய். என் ஆபீஸ்காரர்கள், நம் பேட்டைப் பசங்கள், டீக்கடைக்காரர், இருநூறு பேர் முன்னால் "என் தம்பி ஏமாற்றிவிட்டான்" என்று வங்காள மொழியில் சொன்னாய். அதற்கப்புறம் அந்த ஊரில் நான் எங்கே போய் முகத்தைக் காட்டுவது? கிடைத்த முதல் வேலைக்குப் புனேவுக்கு வந்தேன்.

ஓட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

கோபு

பி.கு.: பந்தயம் வலது பக்கமாகத்தானே சுற்றும்? வளைவில் படகு சறுக்காமல் பிடிக்கும் திருப்பத் தகட்டை எந்த மிதவையில் வைத்திருக்கிறாய்?


பெஹாலா
21 டிசம்பர் 2025

அன்புள்ள கோபு,

தகடு வலது மிதவையில். அவ்வளவு கூடவா தெரியாது எனக்கு?

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு பாங்குக்கும் வீட்டுக்கும் போய் வந்தேன். நீ சொல்வது நிஜம். அந்த மூடியைத் திறந்ததும் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நான் கட்டிய படகு திருட்டுத்தனமாக ஜெயித்ததே என்றுதான் நினைத்தேன், உன்னைப் பற்றி நினைக்கவேயில்லை. கோப்பையைக் கொடுத்தது சரி. கொடுத்த விதம் தப்பு. உன்னைத் தனியே கூப்பிட்டு ஐந்து நிமிஷம் தந்திருந்தால் மேடையேறி நீயே சொல்லியிருப்பாய். சொல்லியிருப்பாய் என்றே நம்புகிறேன். அந்த வாய்ப்பை நான் உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

வேறு ஆளைத் தேடவில்லை. நானே ஓட்டப் போகிறேன். சிரிக்காதே. போன ஞாயிறு மாலை முதல் முறை தண்ணீரில் விட்டேன். நேர் ஓட்டத்தில் அம்பு போலப் போயிற்று. எதிர்காற்று வந்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு மல்லாந்தது. மூன்று தடவை! அத்திம்பேர் மூன்று தடவையும் ஓடத்தில் துடுப்புப் போட்டுப் போய் எடுத்துவந்தார். கடைசித் தடவை இடது மிதவையில் விரிசல். எபாக்ஸி பசை தடவித் துணிக் கிளிப்பால் கவ்வ வைத்திருக்கிறேன். இந்தக் குளிரில் பசை இறுகவே மாட்டேன் என்கிறது, மேஜைக்குக் கீழே நூறு வாட் பல்பு எரிகிறது.

பிப்ரவரிக்குள் கற்றுக்கொண்டுவிடுவேன். எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்புடன் உன் அக்கா,
ஷியாமளா


புனே
6 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

நீ மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததேயில்லை. கடிதத்தை ஷோபனாவிடம் காட்டினேன். "பத்திரமா வெச்சுக்கோங்க, இன்னொண்ணு கெடைக்காது" என்றாள்.

முதலில் படகு. பேட்டரியை ஒரு அங்குலம் முன்னால் தள்ளி வை. மூக்கு கனத்தால் காற்று அடியில் புகுந்து தூக்காது. எதிர்காற்றில் முழு வேகம் கொடுக்காதே. வளைவுக்குள் போனபிறகு விசையைத் தளர்த்துகிறாய், இல்லையா? நீ ஸ்கூட்டரே அப்படித்தான் ஓட்டுவாய். வளைவுக்கு முன்னாலேயே தளர்த்து. உள்ளே போனதும் சீராகப் பிடி, கை நடுங்கக் கூடாது. முன்னால் போகிற படகு வாரியடிக்கும் தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் நுழையாதே. உள் தடம் கிடைக்கவில்லையென்றால் வெளித் தடத்தில் காத்திரு.

இன்னொன்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. 2023 ஜனவரியில் செக்டர் ஃபைவ் ஆபீசில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி சால்ட் லேக் பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எங்கேயாவது ஒரே ஒரு இடத்தில் ஜெயிக்க வேண்டும் போலிருந்தது. பந்தயம் பார்க்க வந்த பழைய ஆபீஸ்காரர்கள் கைதட்டியபோது, ஆறு செல் என்பதே மறந்துபோயிற்று. சாக்குச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

வரமாட்டேன். அந்தக் கரையில் நிற்கும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை. நீ நன்றாக ஓட்டு.

உன் தம்பி,
கோபு


பெஹாலா
10 பிப்ரவரி 2026

என் கண்ணே கோபு,

தினமும் பாங்குக்கு டிபன் கட்டும்போதெல்லாம் உன் டிபன் பாக்ஸ்தான் ஞாபகம் வருகிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

இனி பந்தயம். சோதனை மேஜையில் இருந்தவர், "உங்க படகைப் பார்க்கத் தேவையில்ல அக்கா, உங்களைத்தான் தெரியுமே" என்றார். "எல்லாருக்கும் என்ன விதியோ அதுதான் எனக்கும், மூடியைத் திறங்க" என்றேன். திறந்து செல்லை எண்ணினார். நாலு.

இறுதிச் சுற்றில் ஆறு படகுகள், ஐந்து சுற்று. இரண்டு சுற்று நாலாவதாக வெளித் தடத்திலேயே பொறுமையாக ஓட்டினேன். மூன்றாவதில், முன்னால் போன படகு இன்னொன்று வாரியடித்த தண்ணீரில் நுழைந்து கவிழ்ந்தது. நான் மூன்றாவது. கடைசி வளைவுக்கு முன்னால் தளர்த்தினேன், உள்ளே சீராகப் பிடித்தேன், படகு தண்டவாளத்தில் போவதுபோலத் திரும்பியது. வெளியே வந்ததும் முழு விசை. ஒரு படகைத் தாண்டினேன்! முதல் படகு அரை முழம் முன்னால் போய்விட்டது. எனக்கு இரண்டாவது இடம். அத்திம்பேர் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். ஏளனமாக இல்லை, நிஜமாகவே கேட்டார்கள். "என்னைவிட நன்றாக ஓட்டுவான், அவன்தான் கடிதத்திலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தான்" என்றேன்.

அடுத்த வருஷம் இதை நீ ஓட்டு. முதலிடம் உன்னுடையது.

உன் அக்கா,
ஷியாமளா


புனே
1 மார்ச் 2026

அன்புள்ள அக்கா,

உன் படகை இனி நான் ஓட்டமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே, முழுசாகப் படி. பதினைந்து நாளைக்கு முன் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்ன பேட்டரி, எந்தக் கடையில் வாங்கினேன், எப்படி ஒளித்துவைத்தேன் எல்லாம் என் கைப்பட எழுதி, தடை முடிந்திருந்தாலும் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். நேற்று பதில் வந்தது. அடுத்த பந்தயத்துக்கு வரலாம், ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் மூடியைத் திறந்து காட்ட வேண்டும் என்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு தடவை காட்டுவேன்.

பத்து வருஷம் நீ கட்டியதைத்தான் ஓட்டினேன். ஒரு சட்டம்கூட அறுத்ததில்லை. இப்போது எங்கள் வீட்டிலும் சாப்பாட்டு மேஜை போய்விட்டது. இரண்டு பலகை கோணலாக அறுத்து வீணாக்கினேன், மூன்றாவது நேராக வந்திருக்கிறது. ஷோபனா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாள். அடுத்த பிப்ரவரியில் வருகிறேன். உன்னோடு சேர்ந்து அல்ல, உனக்கு எதிராக. உள் தடத்தை எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே மறந்துவிடு.

ஒரு சந்தேகம்: மிதவையின் அடிப்பலகையை எத்தனை டிகிரி சாய்வில் வைத்தாய்? எழுத வேண்டாம், போன் செய். உன் நம்பரை இன்று காலை திறந்துவிட்டேன்.

உன் போட்டியாளன்,
கோபு