நாலாவது பிளக்கின் ஒயர்

மார்ச் 3, செவ்வாய்

சிலிண்டர் ஹெட்டை லேத்துக் கடையில் கொடுத்து ஒரு மயிரிழை சீவி வாங்கி வந்தேன். அளவு பார்க்க லேத்துக்காரன் ஏதோ கருவியைத் தேடினான். எனக்கு எதற்குக் கருவி? கட்டைவிரலை வைத்தால் போதும், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு வரை தெரியும். சொன்னேன், சிரித்தான். பொறாமை.

வண்டி அக்கா மகளுடையது. அவள் பிறப்பதற்கு முன்பே ஓடிய நாலு கதவு ஸ்போர்ட்ஸ் கார். துருவும் எலிப்புழுக்கையுமாக வாங்கி வந்து என் கொட்டகையில் விட்டிருக்கிறாள். ஏப்ரல் ஐந்தாம் தேதி மலைப்பாதைப் பந்தயம். "மாமா, ரேஸ் டீம்ல இருந்தப்ப செஞ்சீங்களே, அதே மாதிரி இதுக்கும் செஞ்சு குடுங்க." பல் டாக்டர், படித்தவள். ஆனாலும் என் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்கிற ஒரே ஜீவன்.

மார்ச் 8, ஞாயிறு

இரட்டைக் கார்புரேட்டர் மாட்டியாயிற்று. ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறு முனை கார்புரேட்டர் வாயில். காற்று இழுக்கும் சத்தத்தை வைத்தே நான்கு வாயையும் சமப்படுத்தினேன். உலகத்தில் இதைச் செய்யக்கூடியவர்கள் மூன்று பேர். மற்ற இருவர் இப்போது இல்லை.

தனியாக ஓட்டிப் பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் பதினாலு வினாடி. அவளிடம் பத்து என்றேன். ஒரு நாலு வினாடியில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

"பத்தா! நீங்க மனுஷனே இல்ல மாமா!" என்று குதித்தாள்.

மார்ச் 9, திங்கள்

கிளினிக் போகுமுன் அவளே ஓட்டினாள். ஸ்டாப்வாட்ச் என் கையில். பத்து. மயிர் பிசகாமல் பத்து.

நான் எதையும் தொடவில்லை. தொட்டிருப்பேன், மறந்திருப்பேன். தூக்கத்திலும் வேலை செய்கிற கை இது.

மார்ச் 14, சனி

லேத்துக் கடையில் "இப்ப எட்டு" என்று எடுத்துவிட்டேன். "எட்டு நிமிஷமா அண்ணே?" என்று கேட்டுக் கடையே சிரித்தது. திரும்பி வந்து ஓட்டினேன். பத்துதான்.

சாயங்காலம் அவளிடம் எட்டு என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

எட்டு.

மார்ச் 17, செவ்வாய்

நேற்றுப் பிளக், ஒயர் வேலை முடித்தேன். இன்று இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். ரேஸ் டீம் கதைதான். நான் வாயைத் திறந்தால் இன்ஜின் சத்தம் தாழ்கிறது. நிறுத்தினால் ஏறுகிறது. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பவன் மூச்சை அடக்குவானே, அது போல. மூன்று தடவை பார்த்தேன். அவள் கவனிக்கவில்லை.

அவள் போனபின் தனியாகப் பேசிப் பார்த்தேன். இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

துவைக்க எடுத்த சட்டையின் பையில் ஏதோ கனத்தது. நாலாவது பிளக்கின் ஒயர். திங்கட்கிழமை கழற்றியது. புதிதை நான் மாட்டவே இல்லை.

ஓடிப்போய் பானட்டைத் தூக்கினேன். நாலாவது பிளக் மொட்டையாக நிற்கிறது. அதற்கு நெருப்பே போகாது. வண்டி முடங்கி முடங்கி ஓடவேண்டும். ஆனால் நாலு நாளாகப் பட்டு மாதிரி ஓடுகிறதே! ஸ்டார்ட் செய்து, நாலாவது சிலிண்டரின் புகைக்குழாய் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். செத்த சிலிண்டராக இருந்தால் அது சும்மா வழிய வேண்டும்.

சுர்ரென்று பொரிந்தது.

ஒயரை மாட்டக் கை வரவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளுக்குள் உதறுகிறதாம். மாமன்காரன் தைரியம் சொல்ல வேண்டாமா? "இது ஒரு தடவை கிளம்பிட்டா, நிறுத்த இன்னும் எவனும் பொறக்கலம்மா" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

வண்டி அப்போது ஓடவில்லை. காலையிலிருந்து குளிர்ந்துதான் கிடந்தது. நான் சொல்லி முடித்ததும் பானட்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

மார்ச் 28, சனி

பின்தெருவில் மெதுவாகத்தான் ஓட்டினேன். பிரேக் மிதித்தேன். பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, புது பேடு, புது எண்ணெய், எல்லாம் சரி. வண்டி மட்டும் நிற்கவில்லை. சாவியை உருவினேன். ஓடுகிறது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். ஓடுகிறது! சாவி என் கையில், இன்ஜின் காதருகே. கடைசியில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றினேன். அங்கேயும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, டேங்க் காயும் வரை.

"ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் ஏத்தினா சாவியை எடுத்தப்புறமும் கொஞ்சம் ஓடும் அண்ணே" என்றான் லேத்துக்காரன். அரை மணி நேரமா?

மார்ச் 29, ஞாயிறு

உட்கார்ந்து யோசித்தேன். லேத்துக்கடையில் விட்ட புளுகு எதுவும் நடக்கவில்லை. அங்கே எவனும் நம்பவில்லை. அவள் நம்பியது அத்தனையும் நடக்கிறது.

அந்த மலையில் எழுபத்திரண்டு வளைவு.

பிரேக் கெட்டிருக்கிறது, போகாதே என்றேன். அவளே நாலு சக்கரத்தையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். "கிளீனா இருக்கே! நீங்க கட்டின பிரேக் மாமா, தப்பாகுமா? என்னைவிட உங்களுக்குத்தான் பயம்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 2, வியாழன்

பேட்டரியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். அவள் வந்து சாவியைத் திருப்பினாள். கிளம்பியது. டேங்கில் இருந்த ஒரு மடக்குப் பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் நின்றது.

ஏப்ரல் 4, சனி

கிளினிக்குக்குப் போனேன். கடைசி நோயாளி எழுந்து போயிருந்தார். இருந்த ஒரே நாற்காலி அவர் படுத்திருந்ததுதான். மல்லாந்து படுத்து, மூஞ்சிக்கு நேரே விளக்கோடு சொன்னேன்.

ரேஸ் டீம் பொய். வாசல்ல கூட நின்னதில்ல. பஸ் டெப்போவுல முப்பது வருஷமும் டயர் செக்‌ஷன், பஞ்சர் ஒட்டுறது. இன்ஜினைத் தொட்டதே உன் வண்டியிலதான். பிரேக்கு கட்டத் தெரியாது. ஒயர் கூட ஒண்ணு மாட்டல, இந்தா என் பையில.

முதலில் சிரித்தாள். "போங்க மாமா, தன்னடக்கம் வந்துருச்சா உங்களுக்கு?" பிறகு ஒயரைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். பரிசுக் கோப்பை, வெளிநாட்டு என்ஜினியர், கைகுலுக்கிய பெரிய மனுஷன், அவளிடம் விட்ட புளுகு ஒவ்வொன்றாக. அவள் முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா என்னைத்தான் கேட்டார்னு சொன்னீங்களே. அப்ப எனக்கு ஏழு வயசு. அது?"

அதை மட்டும் விட்டுவைத்திருக்கலாம். ஆனால் ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் அந்த வண்டி அதைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

"நான் அப்ப அங்க இல்லம்மா. டீ குடிக்கப் போயிருந்தேன்."

விளக்கை அணைத்தாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

விடிந்ததும் லேத்துக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாவியைத் திருப்பினாள். ஒரு முனகல் கூட இல்லை. பானட்டைத் திறந்தவன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "பேட்டரியே இல்ல. கார்புரேட்டர் தலைகீழா மாட்டியிருக்கு. அண்ணே, இது இத்தனை நாளா எப்படி ஓடுச்சு?"

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனாள்.

உயிரோடு போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்தாள். கொட்டகைப் பக்கம் போகவில்லை.

"சாப்பிட்டீங்களா மாமா?"

"சாப்பிட்டேம்மா." உண்மைதான். இரண்டு தட்டு.

தலையாட்டினாள். பிறகு உள்ளே போனாள். அடுப்படியில் சட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது.