மடங்காத வாழையிலை

10 மே 2025, சனி

இன்று மாலை மலேசியாவின் ராசா என்ற ஊரில் உள்ள இந்த எளிய மாளிகைக்குள், அதாவது என் அக்கா விக்டோரியாவின் வீட்டுக்குள், எதிரி நுழைந்தான். அட்டைப்பெட்டியில் வந்தான். தூக்கி வந்தவள் எலெய்ன். அக்காவின் ஒரே மகள், நான் தோளில் தூக்கி வளர்த்த துரோகி.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே வாழையிலை. பச்சை நிறம், நடுநரம்பு, பக்கநரம்பு, ஓரத்தில் காற்று கிழித்தது போல ஒரு சின்ன வெட்டுக்கூட இருந்தது. தொட்டுப் பார்த்தால் – மெலமைன் தட்டு!

"அழகா இருக்குல்ல மாமா?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். பாசார் காராட் என்ற பழைய சாமான் சந்தையில் தலையை விட்டு விட்டு, பாதி ஆயுளைப் பழைய மெலமைனுக்கே எழுதி வைத்தவன் நான். ஆசியாக் கண்டத்தில் என் பின்னறைக்கு நிகரான சேகரிப்பு கிடையாது. உலகத்துக்கு இன்னும் தெரியாது, அது உலகத்தின் குறை. கல்யாணம்கூட நான் செய்துகொள்ளவில்லை. தட்டுகள் சம்மதிக்கவில்லை.

அந்தக் காலத்து மெலமைன் தன்னை ஒளித்துக்கொண்டதே இல்லை. ரோஸ் என்றால் பூமியில் எந்தப் பூவிலும் இல்லாத ரோஸ். மஞ்சள் என்றால் காமாலை. கையில் எடுத்தால் அந்தக் கனத்துக்கு மணிக்கட்டு கேள்வி கேட்கும். சுண்டினால் பாதிரியார் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். இந்தக் காலத்து மெலமைனுக்கு என்ன கேடு? பளிங்கு வேஷம். மரப்பலகை வேஷம். ஓரம் பெயர்ந்த இனாமல் வேஷம். இப்போது வாழையிலை. நாளைக்கு மூலையில் ஊறுகாயும் அச்சடித்தே வரும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

11 மே, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் விசாரணை. நீதிபதி விக்டோரியா. சாட்சி, அத்தான் மைக்கல்ராஜ். வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டும் என்று நம்புகிற மனிதர். வழக்கம் போல டீ குடித்தார்.

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிறு தர்மராஜ் வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். எலெய்னும் அவனும் சுங்கை காடுட்டில் ஒரே ஃபேக்டரி. பையன் தங்கம். அவன் அப்பா அமிர்தலிங்கம், கோலா சாவா பக்கம் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை விரட்டி ஓய்ந்தவர். வேதக்கார வீட்டில் பெண் எடுப்பதா என்று யோசித்து யோசித்து, இப்போதுதான் "சரி, போய்ப் பாப்போம்" என்று இறங்கி வந்திருக்கிறாராம்.

"நல்ல காரியம்னா அவங்க இலையிலதான் சாப்பிடுவாங்க மாமா. அதான் தேடி வாங்குனேன். நம்ம மரியாதை குடுக்கறோம்னு அவங்களுக்குத் தெரியணும்ல?"

"வேலியோரம் நிஜ வாழை நிக்குதேம்மா."

"அது பூச்சி அரிச்சுக் கிடக்கு. மாமா, ஒரே ஒரு வேளை. தட்டைப் பத்தி வாயே தொறக்காதீங்க. ப்ளீஸ்லா."

"இவன் தொறந்து பாக்கட்டும்," என்றாள் அக்கா. "அந்தப் பின்னறைக் குப்பை மொத்தமும் லோரியில ஏறும். இவனும் மேலயே ஏறி உக்காந்துக்கலாம்."

லோரிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். ஆனால் எலெய்னுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தோணியார் படத்தின் முன் நின்று சத்தியம் செய்தேன். தாய்மாமன் என்ற பேரரசுப் பதவியில் இருப்பவன் வாக்குத் தவறுவானா?

14 மே, புதன்

மௌனப் பயிற்சி. காலை டீ ஆறும் வரை தாக்குப்பிடித்தேன்.

18 மே, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வந்தார்கள். அமிர்தலிங்கம் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கொக்கு ஒன்று மீசை வைத்துக்கொண்டு வந்தது போல ஒரு கம்பீரம். அவர் மனைவி வள்ளியம்மா வாசலிலேயே எலெய்ன் கன்னத்தைத் தடவி, "தர்மா காட்டுன போட்டோவை விட நல்லா இருக்கியே" என்றார். ஆரம்பம் தேவலோகம்.

அக்கா அவர்களுக்காகச் சுத்த சைவம் சமைத்திருந்தாள். மெலமைன் இலைகளை வரிசையாகப் போட்டார்கள். எனக்கு நாக்கு அரித்தது. "பச்சை பச்சையா நல்லாத்தான் இருக்கு" என்று வள்ளியம்மா சொன்னபோது, என்னுள் ஒரு எரிமலை குமுறியது. அப்பளத்தை வாயில் அடைத்து அணைத்தேன். சாம்பார் போனது. ரசம் போனது. பாயசம் போனது. நான் ஊமை. மகான். அத்தான்கூட என்னைக் கவலையோடு பார்த்தார்.

பேச்சு நன்றாகவே போனது. ஆடி வருவதற்குள் நிச்சயத்தை முடித்துவிடலாம் என்று அமிர்தலிங்கமே சொன்னார். சாப்பாடும் பிடித்திருக்க வேண்டும். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார், இலை கொள்ளாத அளவுக்கு.

அப்புறம்தான் அது நடந்தது. அந்த மனிதர் பிறந்ததிலிருந்து எத்தனை பந்தியில் உட்கார்ந்திருப்பார்! திருப்தியாகச் சாப்பிட்டவர் என்ன செய்வார்? இலையை மடிப்பார். யோசித்தா மடிப்பார்? கை மடிக்கும். பேசிக்கொண்டே இலையின் மேல் ஓரத்தைப் பிடித்தார். மரியாதையாகத் தன் பக்கம் இழுத்தார்.

இலை மடங்கவில்லை. நிமிர்ந்து நின்றது. மிச்ச ரசம், பாயசம், ரெண்டு மோர்மிளகாய், எல்லாம் ஒரே பாய்ச்சலில் வெள்ளைச் சட்டை மேல்.

அந்த நேரத்தில், அந்தோணியாரே மன்னிக்கணும், என் வாய் திறந்தது:

"ஐயா, இலை கொஞ்சம் முத்தல்."

சொன்னதோடு விட்டேனா? சிரித்தேன். ஒரு வாரம் அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர். அமிர்தலிங்கம் எழுந்து, கை கழுவி, "வரோம்" என்று ஒரே சொல் சொல்லிப் போய்விட்டார். அவர்களுக்குக் கொடுத்தனுப்பக் கட்டியிருந்த பழத்தட்டு மேசை மேல் அப்படியே கிடந்தது.

எலெய்ன் என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். குனிந்து, தரையில் சிதறிய மோர்மிளகாயைப் பொறுக்கினாள்.

என்ன வாய்டா இது?

19 மே, திங்கள்

எலெய்ன் பேசவில்லை. அக்கா பேசவில்லை. அத்தான் பேசினார்: "ஏன் மச்சான்?" இத்தனை வருடத்தில் அவரிடமிருந்து இவ்வளவு நீண்ட சொற்பொழிவைக் கேட்டதில்லை.

22 மே, வியாழன்

தர்மராஜ் போன் செய்தான், எனக்கே. குரல் செத்துப்போயிருந்தது.

"அங்கிள், அப்பா பிடிவாதமா இருக்காரு. தாய்மாமனே சிரிச்ச வீட்டுல நான் எப்படி மறுபடியும் கை நனைப்பேன்னு கேக்கறாரு. தாய்மாமன் நேர்ல வந்து பதில் சொல்லணுமாம். இல்லாட்டி இந்தப் பேச்சு இதோட போச்சுன்னு..."

"எலெய்ன் என்னப்பா சொல்லுது?"

"அழுவுது அங்கிள்."

பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். நான் தூது கேட்டது கோலா சாவாக்காரனிடம்.

25 மே, ஞாயிறு

போனேன். தன்னந்தனியாக, மோட்டார் சைக்கிளில். படையெடுப்பு என்று எழுத ஆசை, உண்மையில் சரணாகதி. வழியெல்லாம் செம்பனை மரங்கள் இரு பக்கமும் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டின, 'இவன்தானா அவன்' என்பது போல.

அமிர்தலிங்கம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிரில் ஒரு முக்காலி. காலையில் வேலைக்கு லேட்டாக வந்த ஆளை மண்டோர் நிறுத்தி வைப்பது போல இருந்தது. வள்ளியம்மா டீ கொண்டு வந்து கையில் கொடுத்தார்.

கோப்பை! வெளியே கரும்பச்சை, உள்ளே தந்த நிறம். கனமான காது. அடிப்பக்கம் சற்றே அகன்று, பழைய வெள்ளைக்காரத் துரை மாதிரி காலை அகட்டி நிற்கிறது. இந்த ஜாதிப் பழைய மெலமைன் கோப்பைக்காக நான் பாசார் பாசாராக அலைந்திருக்கிறேன்.

"நான் ரசத்துக்குக் கோவப்படல," என்று ஆரம்பித்தார். "சட்டை வெளுத்துக்கலாம். வேற வீட்டுல பொண்ணு எடுக்கறியே, மதிப்பாங்களான்னு என் தம்பிங்க அத்தனை பேரும் கேட்டானுங்க. நான் மதிப்பாங்கடான்னு சொல்லிட்டு வந்தேன். வந்த எடத்துல நீங்க சிரிக்கறீங்க. நான் அவனுங்களுக்கு என்ன சொல்ல? சொல்லுங்க."

நியாயம். ஒவ்வொரு சொல்லும் நியாயம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சு, கடைசியில் ஒரு வேத வசனம்கூட வைத்திருந்தேன். ஆனால் கை இருக்கிறதே, இந்தக் கை! பழைய மெலமைன் எதுவாக இருந்தாலும் திருப்பி அடி முத்திரையைப் பார்த்துப் பார்த்தே பழகிய கை. யாரைக் கேட்டது?

கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தது.

டீ மொத்தமும் என் மடியில். இப்போதுதான் கொதித்து இறங்கிய டீ. முக்காலியை விட்டு நான் எழும்பிய உயரத்துக்கு மலேசியா இன்னும் ஆளை அனுப்பியதில்லை.

நான் குதித்து முடிக்கும் வரை அமிர்தலிங்கம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் ஆடியது.

"அன்னிக்கு இலை முத்தல்னீங்க," என்றார். "இது என்ன, பிஞ்சா?"

அவ்வளவுதான். அவர் சிரித்த சிரிப்பு என்னுடையதைவிடப் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். வள்ளியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் கையும் உங்க கை மாதிரிதாங்க" என்று கோப்பை விஷயத்தைச் சொன்னேன். அமிர்தலிங்கம் தன் கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் மன்னிப்புப் பேச்சு யாருக்கும் தேவைப்படவில்லை. வேத வசனத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

கால்சட்டையை வள்ளியம்மா அலசிக் காயப்போட்டார். அமிர்தலிங்கம் தன் கைலி ஒன்றைக் கொடுத்தார். கட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கி வள்ளியம்மாவிடம் கேட்டேன்: "அக்கா, இந்தக் கோப்பை உங்க பழைய தோட்டத்துச் சாமானா?"

"அய்யே, இல்ல தம்பி. போன மாசம் பாசார் மாலாம்ல வாங்குனேன். இப்ப இதான் ஃபேஷனாம், பழசு மாதிரியே செய்றான்."

சுண்டிப் பார்த்தேன். பாதிரியார் செருமவே இல்லை. ஆசியாக் கண்டத்தின் மாபெரும் நிபுணன் கைலியோடு மோட்டாரில் ஏறினான்.

வீட்டு வாசலில் எலெய்ன் நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா... யாரு கைலி?"

ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. எல்லாவற்றையும் சொன்னேன், கோப்பை புதுசு என்பது தவிர. நான் முடிப்பதற்குள் தர்மா போன் போட்டு அதையும் சொல்லிவிட்டான். தரையில் உட்கார்ந்து சிரித்தாள் பிள்ளை. சிரிக்கட்டும்.

14 ஜூன், சனி

நாளை நிச்சயம். காலையில் அமிர்தலிங்கம் போனில் கூப்பிட்டார்.

"சம்மந்தி, நாளைக்கு என்ன கலர் சட்டை?"

"பத்திரமா இருக்கட்டுமேன்னு கறுப்பு எடுத்து வெச்சிருக்கேன்."

"நல்ல காரியத்துக்குக் கறுப்பு வேணாம் சம்மந்தி. ரசக் கலர்ல போடுங்க. நானும் அதான் போடறேன்."

எலெய்னை அழைத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். ரசக் கலரில் சட்டை வேண்டும் என்றதும் கடைப்பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நாலைந்து விதப் பழுப்பை எடுத்துப் போட்டாள். எதை எடுப்பது? எலெய்ன் அங்கிருந்தே தன் மாமனாருக்குப் போன் போட்டு, தக்காளி ரசமா, மிளகு ரசமா என்று கேட்டாள்.

"அன்னிக்கு என் மேல எது ஊத்துச்சோ, அது" என்றாராம்.