அம்மாவைப் பற்றி அம்மாவே அறிவிப்பது

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே நீ நலமா என்று எழுதி நிறுத்தினால் நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால் இந்தத் தடவை நலத்தை விளக்கமாகவே எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி. போனில் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன், நீ எப்பவும் அப்படித்தான் சொல்வாய் என்றாய். வீடியோவில் முகத்தைக் காட்டினேன், பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்றாய். உன் அத்தை சொன்னது மட்டும் வேதவாக்காகிவிட்டது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், மகள் புருஷனை விட்டுப் பிரிந்த அவமானத்தில் வெளியே தலைகாட்டுவதில்லை, நீ திரும்பிப் போனால்தான் எழுந்து உட்காருவாள் என்றாராம். அதைக் கேட்டு நீயும் மாதக் கடைசியில் அவன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டாய். மாப்பிள்ளை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன்னை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனவனுக்கு அவன் என்பதே அதிகம்.

என்னை விட்டுவிட்டு அத்தையை ஏன் நம்பினாய் என்று யோசித்துப் பார்த்தேன், பதில் என் தொழிலிலேயே இருந்தது. எங்கள் இன்டர்நெட் கம்பெனியில் நான் கட்டி மேய்க்கிற, தகவலை வழி பார்த்து அனுப்புகிற ரவுட்டருக்கு உலகத்தின் வரைபடம் எதுவும் தெரியாது. பக்கத்து ரவுட்டர்கள், இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம் என்று அறிவிப்பதைக் கேட்டுத்தான் அது வழி தெரிந்துகொள்கிறது. அவை பேசிக்கொள்ளும் முறைக்குத்தான் பி.ஜி.பி. என்று பேர், சின்ன வயதில் நீ அது ஏதோ தடுப்பூசி என்று நினைத்துப் பயந்தாய். ஒருவர் ஒரு தெரு முழுவதற்கும் வழி என்னிடம் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் அதே தெருவில் இந்த நாலு வீட்டுக்கு மட்டும் வழி என்னிடம் என்கிறார் என்று வைத்துக்கொள். அந்த நாலு வீட்டுக்குப் போக வேண்டியதை ரவுட்டர் இரண்டாமவரிடம்தான் கொடுக்கும். நுணுக்கமாகச் சொன்னவர் பேச்சுதான் எடுபடும், அவருக்கு அந்த வீடு சொந்தமா என்று அது தானாகக் கேட்காது. போன வருடம் எவனோ முகம் தெரியாதவன் எங்கள் முகவரிகளைப் பாதி பாதியாக உடைத்துத் தன்னுடையது என்று அறிவித்துவிட்டான், எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வர வேண்டியதெல்லாம் அவனிடம் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அதையே கால் காலாக உடைத்து அறிவித்தோம், போனதெல்லாம் திரும்பி வந்தது. உன் அத்தை செய்ததும் அவன் செய்ததுதான். நான் பொத்தாம்பொதுவாக நலம் என்றேன். அவர் கண் காது மூக்கு வைத்து, இடது பக்கம் ஒருக்களித்தே கிடக்கிறாள், கஞ்சியைக்கூட ஸ்பூனில்தான் ஊட்டுகிறார்கள் என்றார். என் உண்மை தோற்றுவிட்டது, பரவாயில்லை, இப்போது நானும் கால் காலாக அறிவிக்கிறேன்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், நீ காலேஜ் படித்த காலத்திலிருந்து சாப்பிடுகிற அதே மாத்திரை. படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, கைப்பிடியைப் பிடித்து ஏறுகிறேன். அத்தை வந்த அன்று நான் படுத்திருந்தது நிஜம்தான், அதற்கு முந்தின நாள் ஆபீசில் பழைய கேபிளையெல்லாம் மாற்றுகிறோம் என்று நாள் முழுக்கக் குனிந்து நின்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன், அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். மேல்வீட்டுத் தையல்காரம்மா ஒரு பை ஆரஞ்சோடு நோயாளியைப் பார்க்க வந்தார், கதவைத் திறந்ததே நோயாளிதான், கையில் ஸ்க்ரூடிரைவர், தலையெல்லாம் மின்விசிறித் தூசி. அப்போதும் அவர் விடவில்லை, ஏன் எழுந்து வந்தீர்கள், போய்ப் படுங்கள் என்று என் வீட்டிலேயே என்னை அதட்டினார். தன் பேர் ஏற்கெனவே இருக்கிற அறிவிப்பு ஊரைச் சுற்றித் தன்னிடமே வந்தால் ரவுட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிடும். நானும் போட்டுவிட்டேன், ஆரஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டேன், இனிப்பாகத்தான் இருந்தது.

அழவே இல்லையா என்று கேட்பாய். அழுதேன். பூட்டின கதவைப் பற்றி நீ சொன்ன அன்று சர்வர் அறைக்குள் போய் அழுதேன், அங்கே ஏ.சி. இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அவமானத்தில் அழவில்லையடி, அவனை அங்கே வந்து நாலு கேள்வி கேட்க முடியாத தூரத்தில் இருக்கிறேனே என்ற ஆத்திரத்தில் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் என் மகள் அவனை விட்டு வந்துவிட்டாள் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். அத்தை உன்னை வாழாவெட்டி என்றார். பூட்டின வீட்டுக்குள் அவள் என்ன வாழ்ந்தாள், அதைச் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான், ஆனால் எனக்கும் வாய் இருக்கிறது. உன் அப்பா செய்ததைக் கேட்டால் நம்ப மாட்டாய். அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசியே அறியாத மனுஷன் நேரே அவர் வீட்டுக்குப் போய், "என் பொண்ணு விஷயத்துல இனிமே நீ வாயத் தெறக்காதக்கா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வந்த வேகத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டார். போய் எடுத்து வாருங்கள் என்றால், நனைந்தாலும் நனைவேன், அந்தப் படி ஏற மாட்டேன் என்கிறார். மூன்று நாளாக மழை, தினமும் சொட்டச் சொட்டத்தான் வீட்டுக்கு வருகிறார், முகத்தில் அப்படி ஒரு பெருமை.

திரும்பிப் போவதுதான் எல்லாருக்கும் சீக்கிரம் முடிகிற வழி என்றாய். ஒரே இடத்துக்குப் பல வழி இருந்தால் குறுக்கு வழி எது என்று ரவுட்டர் முதலில் பார்ப்பதில்லை தெரியுமா. அந்த நெட்வொர்க்கின் சொந்தக்காரர் எந்த வழியை எவ்வளவு விரும்புகிறார் என்று குறித்து வைத்திருப்பதைத்தான் முதலில் பார்க்கும். அதில் இரண்டு வழியும் சமமாக நின்றால்தான், எது எத்தனை கை மாறி வருகிறது என்ற கணக்குக்கே போகும். உன் வாழ்க்கைக்குச் சொந்தக்காரி நீ, அத்தை இல்லை, அவன் இல்லை, நானும் இல்லை. உனக்கே போக வேண்டும் என்று தோன்றினால் சொல், அப்போது உன்னோடு நேராகச் சண்டை போடுகிறேன். எனக்காகப் போகிறேன் என்று மட்டும் சொல்லாதே, நீ நினைக்கிற அந்தப் படுக்கை காலியாகக் கிடக்கிறது.

இன்னும் என்னென்னவோ உன் காதுக்கு வரும், நாளைக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றுகூடச் சொல்வார்கள். இப்போதெல்லாம் முகவரிக்குச் சொந்தக்காரர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பதிந்து வைக்கிறார், அதோடு பொருந்தாத அறிவிப்பை எங்கள் ரவுட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும். அதற்குத்தான் இதைக் கையால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன், என் கோழிக்கிறுக்கலை யாராலும் போலி பண்ண முடியாது. வேளாவேளைக்குச் சாப்பிடு. புது அறையின் சாவி உன் கையில் மட்டும் இருக்கட்டும். நீ நூறு வயசு நிமிர்ந்து நடக்க வேண்டும், அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கு, வெளியே பூட்டுகிற வீட்டுக்குப் போகாதே.

இப்படிக்கு,
சமையல் மேடை ஓரமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நின்றுகொண்டே எழுதிய
உன் அம்மா